குளிர்பெட்டியில் ஒரு குப்பி குறைகிறது

அத்தியாயம் 5

பூட்டு உடையவில்லை. சாவி வெள்ளையம்மாவின் இடுப்பில் இருந்தது. ஆகவே கள்ளி வெள்ளையம்மாதான்.

தும்பகொல்லத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் தருமலிங்கம் இவ்வளவு தூரம் சிந்தித்துவிட்டு, அந்தக் களைப்பு ஆறுமுன்னரே பொலிசுக்கு ஆளனுப்பிவிட்டார். பொலிசும் நேற்றுக் காலை வந்து, ஆய்வுகூடத்தைக் கூட்டிப் போத்தல் கழுவுகிற அந்தப் பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் அவள் புருஷன் காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடக்கிறான்.

“அருமையான மூளை. ஒரு போத்தலில் போட்டு இங்கேயே வைக்கலாம்” என்றாள் நாகேஸ்வரி.

நாகேஸ்வரி பன்னிரண்டு வருடம் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிப்பதற்கென்றே வேலைக்கு இருந்தவள். தானாகத் தீப்பற்றிய கடைகள், காப்புறுதி எடுத்த மறுவாரமே செத்த மாடுகள், செத்த பிறகும் சினிமாவுக்குப் போன மனிதர்கள் என்று பார்த்துப் பார்த்து, மனிதர் வாயைத் திறந்தாலே உதட்டைச் சுழிக்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. இப்போது கேகாலையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். அலுவலகத்தின் மற்ற முழுப் பணியாளர் படையும் புவாட்தான். வரக்காப்பொல ஆள். கார் ஓட்டுவான், மூன்று விதத் தமிழும் இரண்டு விதச் சிங்களமும் பேசுவான், கேட்காத நேரத்திலும் பேசுவான்.

இப்போது அவன் அடைகாப்புப் பெட்டியில் வரிசையாக இருந்த முட்டைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“டொக்டர், இது லெபோரட்டரியா, முட்டைக் கடையா?”

டாக்டர் கணேசலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வருடம், அறுபத்தொன்பதில், ஹொங்கொங் காய்ச்சல் மலைத் தோட்டங்களுக்குள் புகுந்ததும் கொழும்பிலிருந்து வந்து, தோட்டத்துப் பழைய மருந்துச்சாலைக் கட்டடத்தைக் கேட்டு வாங்கி ஆய்வுகூடம் போட்டவர். சவரம் செய்து இரண்டு நாளாகியிருந்தது. நாகேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்து வரச்சொன்னவரும் அவர்தான்.

“காய்ச்சல்காரர் தொண்டை கொப்பளிச்ச தண்ணியை முட்டைக்குள்ள விட்டு வைரசை வளர்க்கிறன்” என்றார். “அந்த வைரசின்ர மேல்பக்கம் முழுக்க முள்ளு முள்ளாய் ஒரு புரதம். கோழி ரத்தத்தில ஒரு துளி விட்டால், அந்த முள்ளு சிவப்பணுக்களைப் பிடிச்சு ஒண்டோட ஒண்டு ஒட்டவைக்கும்.”

“சரி, ஒட்டுது. பிறகு?”

“வேற சில வைரசுகளும் அப்பிடி ஒட்டவைக்கும். இது இன்புளுவென்சாதான் எண்டு அடிச்சுச் சொல்ல எனக்கு அந்தக் குப்பி வேணும். அதில இருந்தது பிறபொருளெதிரி, இங்கிலீசில அன்டிபொடி. முயலுக்கு அந்தப் புரதத்தை ஏத்தி, அதுக்கு எதிராய் முயலின்ர ரத்தத்தில உண்டாகிறதை வடிச்செடுத்த நீர்ப்பாயம். அதைச் சேர்த்தால் அந்த முள்ளெல்லாம் மூடுப்படும். அணுக்கள் ஒட்ட வழியில்லாமல் குழியின்ர அடியில சிவப்புப் பொட்டு மாதிரி இறங்கும். பொட்டு விழுந்தால் இன்புளுவென்சா. லண்டனில இருந்து அந்த ஒரு குப்பிதான் வந்தது.”

“அப்ப அது மருந்தில்லை.”

“மருந்தே இல்லை. ஆளைக் காட்டிக்குடுக்கிற சாமான்.”

“அப்ப அது நம்ம ஆளு, மிஸ்” என்றான் புவாட். “துப்பறியிற தண்ணி.”

நாகேஸ்வரி அவனைப் பார்த்த பார்வையில் இரண்டு முட்டை அவிந்திருக்கும். “ஏன் இவ்வளவு அவசரம், டொக்டர்?” என்று கேட்டாள்.

அவசரம் பெரிய அவசரம்தான். தோட்டத்து மனேஜரான பெரிய துரை விடுமுறையில் இங்கிலாந்து போய்விட்டார். தோட்டம் அவருக்கு அடுத்த சின்னத்துரை ராமச்சந்திரனின் கையில். லயத்துக்கு லயம் ஆட்கள் சுருண்டு கிடக்க, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நின்று அவர் தினமும் முழங்குகிறார்: காய்ச்சல் இல்லை, சோம்பல். இந்தக் கிழமை முடிவதற்குள் இறப்பர் பால்வெட்ட வராதவனுக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. பேர் இல்லாதவனுக்கு லயத்தில் அறையும் இல்லை. இன்புளுவென்சா என்று டாக்டர் நிரூபித்துவிட்டால் சுகாதாரப் பகுதி தலையிட்டு, படுத்திருக்கிறவர்களுக்கு லீவு கொடுக்கச் சொல்லும். நிரூபிக்கக் குப்பி இல்லை.

நாகேஸ்வரி மண்ணெண்ணெயில் ஓடுகிற குளிர்பெட்டியைத் திறந்தாள். இருபதுக்குக் குறையாத குப்பிகள். எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் மட்டுமே எழுத்து. நடுவரிசையில் ஒரு பல் விழுந்தது மாதிரி ஓர் இடைவெளி.

“எப்ப போனது?”

“நான் பத்து நாள் கொழும்பில நிண்டன். திரும்பி வந்து பார்த்தால் இல்லை. போன கையோடேயே எடுத்திருக்கிறாங்கள் எண்டுதான் நினைக்கிறன். அந்த இடத்தில பனி தடிப்பாய்ப் படிஞ்சிருந்தது.”

“நுணுக்குக்காட்டியைத் தொடேல்ல. அப்ப விக்கிறதுக்காக வந்த ஆளில்லை. ஸ்பிரிட் போத்தலையும் தொடேல்ல. அப்ப குடிகாரனும் இல்லை. வெள்ளையம்மாவுக்கு இங்கிலீசு தெரியுமோ?”

“தமிழிலேயே கைநாட்டுத்தான்.”

“அப்ப இத்தனைக்குள்ள இதைத் தெரிஞ்செடுத்தவர் இங்கிலீசு வாசிக்கிறவர். அதுவும் அரைகுறையாய். ‘அன்டி’ எண்டு வாசிச்சார், ‘இன்புளுவென்சா’ எண்டு வாசிச்சார், மருந்து எண்டு முடிவு கட்டினார். மருந்து கிடைச்சால் என்ன செய்வார்?”

டாக்டர் மெதுவாகச் சொன்னார். “ஊசியால ஏத்துவார்.”

“கம்பனியில ஒரு கேஸ் பார்த்தனான். பாம்பு கடிச்ச ஒரு கடைக்காரனுக்குக் குதிரையின்ர நீர்ப்பாயம் ஏத்தினவை. ஒரு கிழமை கழிச்சு மனுசன் உடம்பெல்லாம் தடிச்சுச் சொறிஞ்சு, மூட்டெல்லாம் வீங்கி வந்து நிண்டான். பாம்பு திரும்ப வந்து கடிச்சது எண்டு இன்னொரு கோரிக்கை வேற போட்டான்.”

டாக்டரின் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. “ஓம்! வேற பிராணியின்ர நீர்ப்பாயம் போனால் சிலருக்கு அப்பிடித்தான் வரும். ஒரு கிழமை, பத்து நாளில. முயலெண்டாலும் அதே கதைதான்.”

“நல்லது. புவாட், சொறிகிற ஆளைத் தேடும். கள்ளன் அவன்தான்.”

“மிஸ், அட்டை கடிக்காத காலு இந்தப் பக்கத்தில ஈக்கா? தோட்டத்தில அரைவாசிப் பேர் சொறிஞ்சிக்கிட்டுத்தான் ஈக்கிறாங்க. அத்தனை பேரையும் ஏத்த நம்ம மொரிஸ் மைனர் போதாது.”

“அட்டைச் சொறி காலோட நிக்கும். எனக்கு வேண்டியது தலையிலயிருந்து கால் வரைக்கும் சொறியிற, இங்கிலீசு வாசிக்கிற, அறிவில்லாத ஒரு ஆள்.”

“அப்பிடின்னா ஒப்பீசில இருந்து தொடங்குவம்” என்றான் புவாட்.

அவன் வாயில் சர்க்கரை போடலாம் போலிருந்தது. தோட்டத்து ஒப்பீசில் பெரிய கிளாக்கர் தருமலிங்கம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தார். கோடு போடுகிற அடிமட்டத்தால் சொறிந்தார், பேனாவின் பின்பக்கத்தால் சொறிந்தார், ஆட்கள் வந்ததைப் பார்த்து நிறுத்தி, நிறுத்த முடியாமல் மறுபடி சொறிந்தார்.

“கேஸ் முடிஞ்சிச்சி, மிஸ்” என்று புவாட் காதோடு சொன்னான்.

“தங்கச்சி, இது உங்கட கொழும்பு இல்லை” என்று தொடங்கினார் தருமலிங்கம். “தோட்டத்துச் சனத்தை எனக்கு முப்பது வருசமாய்த் தெரியும். சாவி அவளிட்ட. புருசன் வருத்தக்காரன். மருந்தெண்டு நினைச்சு எடுத்திட்டாள். இதில துப்பறிய என்ன கிடக்கு?”

“இந்த ஒப்பீசுச் சுவரில தொங்குறது என்ன, அண்ணை?”

சுவரில் ஒரு பலகை. பலகை நிறைய ஆணி. ஆணிக்கு ஆணி தோட்டத்துக் கட்டடங்களின் இரண்டாம் சாவிகள். ஒவ்வொன்றுக்கும் மேல் பெயர் எழுதியிருந்தது. ‘பழைய மருந்துச்சாலை’ என்ற பெயருக்குக் கீழேயும் ஒரு சாவி சமர்த்தாகத் தொங்கியது.

“அது… அது எப்பவும் அங்கதான் தொங்கும்.”

“முப்பது வருசமாய்ச் சனத்தைப் பார்த்த கண்ணுக்கு முன்னால தொங்குறது தெரியேல்ல. பரவாயில்லை. கையை நீட்டுங்கோ.”

“என்னது?”

“கை. உங்களுக்கு இரண்டு இருக்கு.”

காப்புறுதிக்காரியின் குரல் அது. கூரை விழுந்து கால் போய்விட்டது என்றவனையே எழுந்து நடக்க வைத்த குரல். தருமலிங்கம் நீட்டினார். புறங்கையிலிருந்து முழங்கை வரை பொடிப்பொடியாகச் சிவந்த கொப்புளங்கள். அரைக்கைச் சட்டையை மேலே தள்ளிப் பார்த்தாள். மேலே ஒன்றுமில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை.

“முதுகு சொறியுதோ? வயிறு? முழங்கால் நோகுதோ?”

“ஏன் நோகோணும்? இது மயிர்க்கொட்டிப் புழு பட்டது.”

நாகேஸ்வரி கையை விட்டுவிட்டாள். அவள் முகத்தில் வந்தது ஏமாற்றம் அல்ல, அருவருப்பு. “புவாட், இவர் இல்லை.”

“இல்லையா? மனுசன் தோலை உரிச்சிக்கிட்டு ஈக்கிறாரே!”

“உள்ளுக்குப் போன சாமான் உடம்பு முழுக்கக் கிளம்பும். இது வெளியில பட்டது. சட்டைக்கு வெளியால இருந்த கையில மட்டும் பட்டது. மயிர்க்கொட்டி இரண்டு கையிலயும் ஒரே அளவாய் முழங்கை மட்டும் அளந்து ஊராது. இவர், பட்டால் தோல் தடிக்கிற காஞ்சோண்டிச் செடிப் பத்தைக்குள்ள இரண்டு கையையும் விட்டிருக்கிறார்.” அவள் அவரிடம் திரும்பினாள். “கிளாக்கர்மார் காஞ்சோண்டிக்குள்ள கை விட்டு என்ன தேடுறவை, அண்ணை? இல்லாட்டி, என்னத்தை ஒளிக்கிறவை?”

தருமலிங்கம் சொறிவதைக்கூட மறந்துவிட்டார்.

வெளியே வந்ததும் புவாட் ஒப்பீஸ் வாசலில் நின்ற காவல்காரனிடம் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தான். தன் உம்மாவின் வாதத்துக்கு ஒத்தடம் கொடுக்கக் கஹம்பிலியா, அதாவது காஞ்சோண்டி, இலை வேண்டும், எங்கே கிடைக்கும் என்று ஒரு பொய்யை அழகாக எடுத்துவிட்டான். காவல்காரன் சிரித்தான். மலை முழுக்கப் புல் வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள், ஒரே ஓர் இடத்தில்தான் விட்டிருக்கிறார்கள், பங்களாவுக்குப் பின்பக்கம், கோழிக்கூட்டுக்குக் கள்ளர் வராமலிருக்க என்று சொன்னான்.

“பெரிய பங்களா” என்றான் புவாட், திரும்பி வந்து. “இப்ப அங்க ஈக்கிறது சின்னத்தொரை.”

“டொக்டரையும் ஏத்தும்” என்றாள் நாகேஸ்வரி.

காஞ்சோண்டிப் பத்தை இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. ஓரிடத்தில் தண்டுகள் புதிதாக முறிந்து சாய்ந்திருந்தன. நாகேஸ்வரி அந்த இடத்தைக் குடைநுனியால் காட்டிவிட்டுப் புவாட்டைப் பார்த்தாள். புவாட் வானத்தைப் பார்த்தான். வானம் உதவவில்லை. கார் துடைக்கிற துணியைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினான். உள்ளே இருந்து அவனுடைய வம்சத்தார் எல்லோரையும் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு குப்பி வந்தது. கூடவே முழங்கை வரை சிவந்த ஒரு கையும் வந்தது.

“இனிமே நானும் பெரிய கிளாக்கர்தான், மிஸ்.”

டாக்டர் கணேசலிங்கம் குப்பியைப் பறிக்காத குறையாக வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இறப்பர் மூடி இறுகத்தான் இருந்தது. அடியில் ஒரு விரல்நுனி அளவுக்கு மிச்சம். “நேற்றுவரைக்கும் இதைக் குளிரிலதான் வைச்சிருக்கிறாங்கள். தெளிவாய்க் கிடக்கு. எனக்கு இது காணும். இதை எத்தனையோ மடங்கு தண்ணி கலந்துதான் பாவிக்கிறது.”

“குளிரில வைச்சவர் அடுத்த ஊசிக்கு மிச்சம் பிடிச்சிருக்கிறார்” என்றாள் நாகேஸ்வரி. “நான் வாறன் எண்டு கேள்விப்பட்டதும் எறியச் சொல்லியிருக்கிறார். வாங்கோ, கும்பிட்டுட்டுப் போவம்.”

சின்னத்துரை ராமச்சந்திரன் விறாந்தையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். உச்சி வெயில். இறப்பர் மரங்களே இலையைத் தொங்கப் போட்டுவிட்ட வெக்கை. அவரோ கழுத்துவரை பொத்தான் பூட்டிய முழுக்கைச் சட்டை, கழுத்தில் பட்டுக் கைலேஞ்சி, முழங்கால்வரை இழுத்துவிட்ட கம்பளிக் காலுறை. கொழும்பில் பெரிய கல்லூரியில் படித்தவர் என்பதை ஒவ்வொரு மூச்சிலும் ஞாபகப்படுத்துகிற மனிதர்.

“டொக்டர், நான் கிளியரா சொல்லிட்டேன். இந்த எஸ்டேட்ல ஃபுளூ கிடையாது. பியூர் லேசினஸ். உங்க பரிசோதனைய மூடிட்டு நீங்க கொழும்புக்குப் போகலாம்.”

நாகேஸ்வரி படியேறிப் போய் மரியாதையாகக் கையை நீட்டினாள். துரைமார் கை குலுக்குவார்கள். இந்தத் துரை அந்தக் கையைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் நீட்டினார். அவள் விரல்கள் மூடியதும் “ஆ!” என்று கத்திவிட்டார். மணிக்கட்டு கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. சட்டைக்கை விலகிய இடத்தில் நாணயம் நாணயமாகச் சிவந்த தடிப்புகள், மேலே மேலே ஏறிப்போயிருந்தன.

“என்ன வருத்தம், துரை?”

“மோட்டார் சைக்கிள்ல விழுந்தேன்.”

“இரண்டு மணிக்கட்டும், இரண்டு முழங்காலும், முதுகும் வயிறும் ஒரே நேரத்தில விழுந்ததோ? உங்களுக்கு வந்திருக்கிறது முயல்.”

“வாட்?”

டாக்டர் குப்பியை உயர்த்திக் காட்டினார். சின்னத்துரையின் முகம், அதில் இருந்த இரத்தமும் தடிப்புகளுக்கே போய்விட்டது போல வெளுத்தது.

“எனக்கு ஒரு விசயம்தான் விளங்கேல்ல” என்றாள் நாகேஸ்வரி, மிக அமைதியாக. “காய்ச்சலே இல்லாத தோட்டத்தில, காய்ச்சலுக்கு மருந்தெண்டு நினைச்சு நீங்கள் ஏன் களவெடுத்தனீங்கள்?”

பங்களா நாய் ஒன்று எழுந்து, ஆட்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

“டொக்டர்தானே இந்த விறாந்தையில உக்காந்து டீ குடிக்கிறப்ப சொன்னார்!” என்று வெடித்தார் ராமச்சந்திரன். தோரணை உடைந்து, குரல் பள்ளிக்கூடப் பையனுடையதாகிவிட்டது. “ஃபுளூவுக்கு எதிரான அன்டிபொடின்னு சொன்னார்! எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா தோட்டத்தை யார் பார்ப்பாங்க? அங்க நாப்பது பேர் படுத்துக்கிட்டு இருமறாங்க. அது எல்லாருக்கும் பரவிக்கிட்டிருக்கு!”

“ஓகோ. அப்ப பரவுது.”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நேரம் கடந்துவிட்டது.

“அது காக்கிற சாமான் இல்லை. கண்டுபிடிக்கிற சாமான்” என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. “நீங்கள் உங்கட உடம்புக்குள்ள ஏத்தினது லண்டன் முயலின்ர ரத்தத் தெளிவு. அதை உங்கட உடம்பு எதிரியெண்டு நினைச்சுச் சண்டை பிடிக்குது. எதால ஏத்தினீங்கள்?”

புவாட் நாயைப் பார்த்தான், நாய்க்குப் பக்கத்தில் அலுமாரியின் மேல் இருந்த மிருக மருந்துப் பெட்டியைப் பார்த்தான், அதில் கிடந்த தடித்த ஊசியைப் பார்த்தான்.

“நாய்க்குக் குத்துற ஊசியால முயலைக் குத்தியிருக்கிறார், மிஸ். சிங்கம் ஒண்டுதான் பாக்கி.”

“டொக்டர், இது… இது உயிருக்கு ஆபத்தா?” சின்னத்துரையின் கண்ணில் தண்ணீர் நின்றது. “எனக்கு எழும்பி நடக்க முடியல்ல. ராவைக்கு நித்திரை இல்ல. பிளீஸ்.”

“கொஞ்ச நாளில தானாய் வடியும். படுத்து ஓய்வெடுக்கோணும்.”

“ஓய்வோ?” என்றாள் நாகேஸ்வரி. “லயத்தில படுத்திருக்கிறவனுக்குச் சோம்பல், பங்களாவில படுத்திருக்கிறவருக்கு ஓய்வு. ஒரு பொம்பிளையை உள்ளுக்கு வைச்சிட்டு நீங்கள் படுக்க ஏலாது. இரண்டு வழி இருக்கு. இந்தத் தோட்டத்தை நடத்துற கொழும்புக் கம்பனிக்கு நான் போய் உங்கட தடிப்பை வர்ணிக்கிறன். இல்லாட்டி நீங்களே பொலிசுக்கு வந்து உங்கட வாயால சொல்லுறீங்கள். முதல்ல ஆய்வுகூடத்துக்குப் போவம். உங்களுக்குக் காட்டவேண்டியது ஒண்டு இருக்கு.”

ஆய்வுகூடத்தில் டாக்டர் குழிகள் போட்ட கண்ணாடித் தட்டை வைத்து, முட்டையிலிருந்து எடுத்த நீரைத் துளித்துளியாக விட்டார். ஒரு வரிசைக்குக் குப்பியில் மிஞ்சியிருந்ததை நீர்கலந்து சேர்த்தார். மற்ற வரிசையை வெறுமனே விட்டார். எல்லாவற்றின் மேலும் கழுவிய கோழி இரத்தம். பிறகு காத்திருந்தார்கள். சின்னத்துரைக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலில் தருமலிங்கம் வந்து நின்று, கூப்பிட ஆளில்லாமல் நின்றுகொண்டே இருந்தார்.

வெறும் வரிசையில் சிவப்பு பரவி, வலை மாதிரி குழியை மூடிக்கொண்டது. குப்பி நீர் சேர்ந்த வரிசையில், குழிக்குக் குழி நடுவில் இறங்கியது, சின்னதாக, இறுக்கமாக, ஒரு குங்குமப் பொட்டு.

டாக்டர் மூச்சை விட்டார். “இன்புளுவென்சா” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருந்தார் என்பது அப்போதுதான் நாகேஸ்வரிக்குத் தெரிந்தது. அவர் உடனே தொலைபேசிக்கு ஓடினார். சுகாதாரப் பகுதியின் ஆட்கள் மறுநாள் வருவதாகச் சொன்னார்கள். அதுவரை ஒரு பெயரும் வெட்டக்கூடாது என்றார்கள்.

சின்னத்துரை அந்தப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பேருடைய காய்ச்சல் அங்கே சிவப்பாக உட்கார்ந்திருந்தது. அதை இனி அவரால் சோம்பல் என்று கூப்பிட முடியாது.

பொலிஸ் நிலையத்தில் அவர் சொன்ன கதையைச் சார்ஜன்ட் இரண்டு தரம் சொல்லச் சொன்னார். முதல்தரம் புரியவில்லை என்றார். இரண்டாம் தரம் எதற்கென்று, சிரிப்பை அடக்க முகத்தை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டதிலிருந்து தெரிந்தது. பிறகு உள்ளே குரல் கொடுத்தார்.

வெள்ளையம்மா வெளியே வந்தாள். ஒல்லியான பெண். ஒரு நாளும் ஓர் இரவும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்த சேலை கசங்கியிருந்தது. நாகேஸ்வரியை அவளுக்குத் தெரியாது. புவாட்டையும் தெரியாது. டாக்டரைப் பார்த்துத்தான் பேசினாள்.

“சாமி, எங்க வீட்டு ஆளு எப்படிங்க இருக்காரு?”

“காய்ச்சல் இறங்கியிருக்கு, வெள்ளையம்மா. காலையில கஞ்சி குடிச்சவர். பக்கத்து அறைப் பிள்ளையள் பார்த்தினம்.”

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான் கேட்க வேண்டியிருந்தது.

“வெள்ளையம்மா” என்று வாசல்படியில் நின்ற சின்னத்துரை தொண்டையைச் செருமினார். “அது வந்து… ஒரு மிஸ்டேக் ஆகிப் போச்சு.”

அவள் அவருடைய வீங்கிய கைகளைப் பார்த்தாள். சட்டைக் கழுத்துக்கு மேலே ஏறிவந்திருந்த தடிப்பைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் விளக்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

“நான் எடுக்கலைன்னு நேத்தே சொன்னேங்க” என்றாள். “நீங்களும் அங்கதான் நின்னீங்க.”

தோட்டத்துப் பாதையில் துரை எதிரே வந்தால், தொழிலாளி கூடையைத் தாழ்த்தி, ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்று வழிவிட வேண்டும். எழுதாத சட்டம். பிறந்தது முதல் வெள்ளையம்மா இறங்கித்தான் நின்றிருக்கிறாள். அந்தப் பொலிஸ் நிலையத்தின் வாசல்படி ஒடுக்கமானது, பக்கத்தில் திறந்த கான். இரண்டு பேர் ஒருசேரப் போக இடமில்லை.

வெள்ளையம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நடந்தாள். ஒதுங்கவில்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை. சின்னத்துரை ராமச்சந்திரன் ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு வலிக்கிற முழங்காலை மடக்கி, ஒரு காலை முதலில் வைத்து, மற்றக் காலைப் பிறகு வைத்து, கானுக்குள் இறங்கி நின்றார்.